உள்விளிம்பு

தடகளப் பாதையின் உட்புறம் சுற்றிவரும் விளிம்புக் கட்டைக்கு உயரம் 5 சென்டிமீட்டர். தொலைக்காட்சியில் பார்க்கிறவர்களுக்கு அது புல்லுக்கும் பாதைக்கும் நடுவில் தெரியும் ஒரு வெள்ளைக் கோடு. 10,000 மீட்டர் ஓடுகிறவருக்கு அரை மணி நேரம் இடது கணுக்காலுக்குப் பக்கத்திலேயே வரும் துணை அது. ஓட்டக்காரர் அதை விட்டு விலகவும் முடியாது, தொடவும் கூடாது.

விலக முடியாததற்குக் காரணம் கணக்கு. பாதையின் நேர்ப்பகுதிகள் இரண்டும் தலா 84.39 மீட்டர். வளைவின் ஆரம் 36.5 மீட்டர். சுற்றுக்கு 400 மீட்டர் என்பதை விளிம்பின் மேல் அளப்பதில்லை. அதிலிருந்து 30 சென்டிமீட்டர் வெளியே தள்ளி அளக்கிறார்கள், மனிதக் கால் அதற்குமேல் நெருங்கி ஓடாது என்ற அனுமானத்தில். முதல் தடத்தை விட்டு இரண்டாம் தடத்துக்கு நகர்ந்தால் சுற்றுக்கு 7 மீட்டர் கூடிவிடும். 25 சுற்றுக்கு 176 மீட்டர். யாரும் கேட்காமல் யாருக்கும் கணக்கில் சேராமல் ஓடித் தொலைக்க வேண்டிய தூரம் அது. அதனால்தான் நெடுந்தூர ஓட்டத்தில் எல்லோரும் உள்ளே சாய்ந்து, ஒருவர் முதுகை ஒருவர் முகர்ந்தபடி ஓடுகிறார்கள்.

2018 ஆகஸ்ட் 26 அன்று ஜகார்த்தாவின் கெலோரா புங் கர்னோ அரங்கில், ஆசிய விளையாட்டுப் போட்டியின் 10,000 மீட்டர் ஓட்டத்தில் புதுக்கோட்டை கோவிந்தன் லட்சுமணன் மூன்றாவதாக முடித்தார். நேரம் 29:44.91. முன்னால் போன இருவரும் பஹ்ரைன் கொடியின் கீழ் ஓடியவர்கள்: மொராக்கோவில் பிறந்த ஹசன் சானி, கென்யாவில் பிறந்த ஆபிரகாம் செரோபன். ஆசியாவில் பிறந்தவர்களில் லட்சுமணனே முதலில் வந்தார் என்று சொன்னால் தவறில்லை. இந்தத் தூரத்தில் இந்திய ஆண் ஒருவர் ஆசிய விளையாட்டில் பதக்கம் வாங்கி 20 ஆண்டுகள் ஆகியிருந்தன. கடைசியாக வாங்கியவர் 1998இல் பாங்காக்கில் வெண்கலம் பெற்ற குலாப் சந்த். லட்சுமணன் கொடியைப் போர்த்திக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் கழித்து முடிவுத் தாளில் அவர் பெயருக்கு எதிரே நேரம் இல்லை. டி.க்யூ. என்ற இரண்டெழுத்து இருந்தது, அதாவது தகுதி நீக்கம். ஓட்டத்தின் நடுவே அவரது இடது கால் விளிம்பைத் தாண்டி உள்ளே பட்டிருக்கிறது. நடுவர்கள் பார்த்துவிட்டார்கள். இந்தியத் தரப்பு முறையிட்டது: யாரையும் அவர் தடுக்கவில்லை, யாரையும் ஏமாற்றிக் கடக்கவில்லை. முறையீடு தள்ளுபடியானது.

ஒரு காலடி உள்ளே விழுந்ததில் அவருக்கு எவ்வளவு லாபம்? விளிம்பை ஒரு முழுச் சுற்றும் 30 சென்டிமீட்டர் நெருங்கி ஓடினாலே மிச்சமாவது 1.9 மீட்டர்தான். ஒரே காலடிக்கு என்றால் ஒரு விரற்கடை தேறும். அவருக்குப் பின்னால் வந்த சீன வீரர் சாவோ சாங்ஹோங் இருபது விநாடிக்கும் மேல் பிந்தியே கோட்டைத் தொட்டார். அது நூறு மீட்டருக்கும் அதிகமான இடைவெளி. ஆனாலும் நடுவர்களைக் குறை சொல்ல எனக்கு வழியில்லை. அன்றிருந்த விதி, பிறர் தள்ளிவிட்டால் ஒழிய, உள்விளிம்புக்கு அப்பால் விழுந்த காலை மன்னிப்பதில்லை. லாபம் கிடைத்ததா என்று எடைபோடும் வேலையை அது நடுவரிடம் கொடுக்கவே இல்லை. கடுமையான விதிதான். ஆனால் ஆளுக்கொரு நியாயம் பேசுகிற விதியைவிட இது தேவலை என்று வேறு சமயத்தில் நானே வாதாடியிருப்பேன்.

தில்லி திரும்பியதும் அன்றைய விளையாட்டுத்துறை அமைச்சர் ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் அவருக்கு 10 லட்சம் ரூபாய் கொடுத்தார். அந்த ஆண்டு ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்றவர்களுக்கு மத்திய அரசு கொடுத்த தொகையும் 10 லட்சம்தான். தாள் இல்லை என்றதைக் காசோலை உண்டு என்றது.

கதை அங்கே முடியவில்லை. தங்கம் வென்ற சானியின், ஊக்கமருந்தைப் பிடிக்க வைத்திருக்கும் ரத்தக் கணக்கேட்டில் இயல்பை மீறிய மாற்றங்கள் இருந்தது பின்னாளில் தெரியவந்தது. அவருக்கு நான்காண்டுத் தடை. ஜகார்த்தா தங்கமும் பறிபோனது. செரோபனின் வெள்ளி தங்கமானது, சாவோவின் வெண்கலம் வெள்ளியானது, வெண்கலம் தாய்லாந்துக்குப் போனது. அதாவது அன்றிரவு முதலில் கோட்டைக் கடந்த மூவரில் இப்போது தாளில் மிஞ்சியிருப்பவர் ஒருவர்தான். லட்சுமணனின் கால் வெளியே விழுந்திருந்தால் அவர் இன்று வெள்ளிக்காரர். அவர் சிந்திய வியர்வைக்கும் சானியின் ரத்தத்துக்கும் ஒரே தாளில் ஒரே இரண்டெழுத்து. விதி எண் மட்டும் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். அதை யார் படிக்கிறார்கள்?

லட்சுமணன் பிறந்தது 1990இல். புதுக்கோட்டையில் லோகநாதன் என்ற பயிற்சியாளரின் கையில் வளர்ந்தவர். அதே கையில் வளர்ந்த இன்னொருவர் சூர்யா. 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் நாட்டின் முன்வரிசைக்கு வந்த அவர், பயிற்சியாளரின் பெயரையே தன் பெயரோடு வைத்துக்கொண்டு ஓடினார். ஜகார்த்தாவில் 10,000 மீட்டரில் ஆறாவது. மழையை நம்பிக் கண்மாய்களோடு வாழும் அந்த மாவட்டத்திலிருந்து இத்தனை நெடுந்தூர ஓட்டக்காரர்கள் வந்ததற்கு மண்ணின் வீரம், வெயிலின் உரம் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஒரு பயிற்சியாளர் ஒரே ஊரில் பல ஆண்டுகள் அசையாமல் உட்கார்ந்திருந்தார் என்பதே போதுமான காரணம்.

லட்சுமணன் ராணுவத்தில் சேர்ந்தார். சர்வீசஸ் அணிக்காக ஓடினார். 2015இல் வூஹானில் நடந்த ஆசிய தடகளத்தில் 10,000 மீட்டர் வெள்ளி. 2017 ஜூலையில் புவனேஸ்வரத்தில் அதே போட்டியில் 5,000, 10,000 இரண்டிலும் தங்கம். அடுத்த மாதமே லண்டனில் உலகப் போட்டி. இந்த இரண்டு மாதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். புவனேஸ்வரத்தில் 5,000 மீட்டர் தங்கம் வாங்கிய ஓட்டத்தின் நேரம் 14:54.48. லண்டனில் தகுதிச் சுற்றில் பதினைந்தாவதாக வந்து இறுதிக்குப் போகாமல் ஊர் திரும்பிய ஓட்டத்தின் நேரம் 13:35.69. அவர் வாழ்க்கையில் அதுவரை ஓடியதில் அதுவே வேகமானது. சீரான வேகம் என்று வைத்துக் கணக்கிட்டால், லண்டன் லட்சுமணன் கோட்டைத் தொடும்போது புவனேஸ்வர லட்சுமணன் 440 மீட்டர் பின்னால் இருப்பார். தங்கம் வாங்கியவரை, பதினைந்தாவதாக வந்தவர் ஒரு முழுச் சுற்றுக்கும் மேல் முந்தியிருக்கிறார்.

ஈரப்புழுக்கத்தில் யாரும் முன்னால் போகத் துணியாமல் ஒருவரை ஒருவர் கண்காணித்து, கடைசிச் சுற்றில் வெடித்து ஓடுவது ஒரு வித்தை. குளிர்ந்த இரவில் உலகின் வேகக்காரர்கள் இழுத்துக்கொண்டு போக, அந்தக் காற்றில் தொங்கியபடி தன் எல்லையைத் தாண்டுவது வேறு வித்தை. முதலாவதற்குப் பதக்கம், படம், பரிசு. இரண்டாவதற்கு ஒரு எண். அந்த எண்ணும் சாதனையாகவில்லை. 1992இல் பர்மிங்காமில் பகதூர் பிரசாத் ஓடிய 13:29.70க்கு அது ஆறு விநாடி பிந்தியிருந்தது. பகதூர் பிரசாத்தின் அந்தச் சாதனை 30 ஆண்டுகள் நின்றது. 2022இல் அவினாஷ் சாப்ளே அமெரிக்காவில் 13:25.65 ஓடி அதை எடுத்தார். மாரத்தானில் சிவ்நாத் சிங் 1978இல் ஜலந்தரில் ஓடிய 2:12:00 அதைவிடப் பிடிவாதமானது. வெறுங்காலோடு ஓடிப் பேர்பெற்ற ராணுவ வீரர் அவர். அந்த நேரத்தை 40 ஆண்டுகளுக்கும் மேலாக நாட்டில் ஒருவராலும் தொட முடியவில்லை. அவ்வளவு காலம் அவை நின்றதை அந்த மனிதர்களின் மகத்துவமாகவே பார்க்கிறோம். எனக்கென்னவோ, அந்தச் சாதனைகளை உடைப்பதால் கிடைக்கக்கூடியது எதுவும் இங்கே இல்லை என்பதும் அதே அளவு காரணமாகப் படுகிறது.

இதை நான் வில்லாபுரத்தில் இருந்துகொண்டு சொல்கிறேன். மதுரையின் தென்கோடி, அருப்புக்கோட்டைச் சாலை அவனியாபுரத்தை நோக்கி இறங்கும் பக்கம். விளையாட்டரங்கம் வைகைக்கு வடக்கே, ரேஸ்கோர்ஸில் இருக்கிறது. இந்தப் பக்கத்துப் பையன்களுக்கு அரங்கம் என்பது பைபாஸ் ஓரமும், வீடு கட்டாமல் கிடக்கும் பிளாட்டுகளும், தண்ணீர் வற்றிய கண்மாய்க் கரையும்தான். விடிவதற்கு முன்னால் ஓடுகிறார்கள். ஒருவன் கையில் செல்போன் ஓடிக்கொண்டிருக்கும். முந்தின இரவு ஊறப்போட்ட கொண்டைக்கடலை ஒரு டப்பாவில். சுண்ணாம்புத் தூளில் போட்ட வட்டம் இரண்டு நாளில் அழிந்துவிடும். அப்புறம் நாலு செங்கல்லோ, ஒரு செருப்போ வளைவுக்கு அடையாளம். கட்டை கிடையாது, நடுவர் கிடையாது. யாராவது செங்கல்லுக்கு உள்ளே புகுந்தால் பின்னால் வருகிறவன் கத்துவான்: "மாப்ள, வளைவ வெட்டாத!" அவ்வளவுதான் அங்கே விதி. வெட்டியவன் சிரித்துக்கொண்டு அடுத்த வளைவில் வெளியே வந்துவிடுவான்.

அவர்கள் ஓடுவது 1,500 மீட்டர். காவலர் தேர்வில் ஆண்கள் அதை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும். ராணுவ ஆள்சேர்ப்பு முகாமுக்குப் போகிறவனுக்கு 1.6 கிலோமீட்டர், ஐந்தரை நிமிடத்துக்குள் வந்தால் முழு மதிப்பெண் 60 என்பது பல ஆண்டுகளாக எல்லோருக்கும் மனப்பாடம். பெண்களும் வருகிறார்கள், அவர்களுக்குக் காவலர் தேர்வில் 400 மீட்டர். 7 நிமிடத்துக்கு ஒரு விநாடி முன்னால் வந்தவனுக்கும் அதில் இரண்டு நிமிடம் மிச்சம் வைத்தவனுக்கும் அந்தக் கட்டத்தில் தேர்ச்சி ஒன்றுதான். வேகமாக ஓடவேண்டிய அவசியம் எங்கே முடிகிறதோ அங்கே ஓட்டம் முடிகிறது. ஆர்டர் கையில் வந்த பிறகு அதே கண்மாய்க் கரையில் அவர்களைப் பார்ப்பது அரிது. இதில் கேலி செய்ய ஒன்றுமில்லை. மில் வேலையும் தறியும் கைவிட்ட குடும்பங்களில் ஒரு மகனின் கால்கள் மாதச் சம்பளமாக மாறுவது சின்னக் காரியமில்லை.

மேலே போனாலும் ஏணி அதேதான், படிகள் மட்டும் அதிகம். மதுரை சக்கிமங்கலத்தில் வெறுங்காலோடு ஓடத் தொடங்கி டோக்கியோ ஒலிம்பிக்கின் கலப்புத் தொடர் ஓட்டம் வரை போன ரேவதி வீரமணிக்கு வேலை கொடுத்தது ரயில்வே. லட்சுமணனுக்கு ராணுவம். தொழில்முறை ஓட்டக்காரர் என்று உலகம் சொல்வது எலியுட் கிப்சோகே போன்றவரை: பந்தயத்தில் வந்து நின்றாலே கட்டணம், காலணி நிறுவனத்தின் ஒப்பந்தம், முன்னால் ஓடி வேகம் பிடித்துக் கொடுக்க ஆட்கள். 2019 அக்டோபரில் வியன்னாவில் அவர் மாரத்தான் தூரத்தை 1:59:40இல் ஓடினார். மாறி மாறி முன்னால் ஓடிய அந்த ஆட்களும், வழிகாட்டும் வண்டியும் இருந்ததால் அது சாதனையாக ஏற்கப்படாது என்பது ஓடுவதற்கு முன்பே எல்லோருக்கும் தெரியும். தெரிந்தே ஓடினார். கணக்கில் வராத ஒரு ஓட்டத்தை விரும்பித் தேர்ந்தெடுக்கும் வசதி அவருக்கு இருந்தது. நம் ஓட்டக்காரருக்குத் தாள்தான் எல்லாம். தாளில் இருந்தால்தான் பதவி உயர்வு, பரிசுத்தொகை, தமிழ்நாட்டு அரசுப் பணியின் 3 விழுக்காட்டு விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு இடம். அதனால் தாளிலிருந்து அடிக்கப்படுவது இங்கே வெறும் மானப் பிரச்சினை மட்டுமல்ல.

புதுக்கோட்டைக்கு இது முதல் தடவையும் இல்லை. 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரை 2:03.16இல் ஓடி வெள்ளி வென்ற சாந்தி சௌந்திரராஜன், அதே மாவட்டத்தின் கத்தக்குறிச்சிக்காரர். செங்கல் சூளைத் தொழிலாளர் வீட்டுப் பெண். பாலினச் சோதனையில் அவர் தேறவில்லை என்று பதக்கம் பறிக்கப்பட்டது. முந்தைய ஆண்டு இன்சியானில் நடந்த ஆசிய தடகளத்தில் இதே தூரத்தில் அவர் வாங்கிய வெள்ளி மட்டும் தாளில் அப்படியே இருக்கிறது; அதே உடம்புதான் அங்கேயும் ஓடியது. அன்றைய முதலமைச்சர் கருணாநிதி 15 லட்சம் ரூபாய் கொடுத்தார், ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும் கொடுத்தார். பதக்கம் போனவருக்குப் பணம் என்ற முறை லட்சுமணனுக்கு 12 ஆண்டு முன்பே தொடங்கிவிட்டது. சாந்தி இடையில் சூளை வேலைக்கே திரும்ப வேண்டியிருந்தது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தரப் பயிற்சியாளர் பணி கிடைக்கப் பல ஆண்டுகள் போராடினார்.

பக்கத்துத் திருச்சி மாவட்டம் முடிகண்டத்தின் கோமதி மாரிமுத்து, 2019 ஏப்ரலில் அதே தோஹாவில் 800 மீட்டரை 2:02.70இல் ஓடி ஆசிய தடகளத் தங்கம் வென்றார். ஊரே கொண்டாடியது. பிறகு ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி நான்காண்டுத் தடை; தங்கமும் போனது. அவர் குற்றத்தை மறுத்தார். சோதனை முடிவு மாறவில்லை.

மூன்று பேர். ஒருவர் தன் உடம்பு பிறந்தபடி இருந்ததற்காக அடிக்கப்பட்டார். ஒருவர் களைத்த கால் தடம் மாறியதற்காக. ஒருவர் உடம்புக்குள் இருக்கக் கூடாத பொருள் இருந்ததற்காக. இவற்றுக்குள் இருக்கும் தூரம் ஒரு மாரத்தானை விடப் பெரியது. ஆனால் பழைய முடிவுகளைப் புரட்டுகிற ஒருவருக்கு மூன்றும் ஒரே வெற்றிடம். ஊர்ப் பேச்சும் அப்படியே: "ஏதோ பிரச்சினைன்னு மெடல புடுங்கிட்டாங்கல்ல?" அந்த 'ஏதோ'வுக்குள் மூவரையும் தள்ளிவிடுகிறோம். ஜகார்த்தாவில் லட்சுமணன் ஓடிய அதே மாலையில் 100 மீட்டர் வெள்ளி வாங்கியவர் துத்தி சந்த். சாந்திக்கு நேர்ந்ததே தனக்கும் நேர்ந்தபோது விளையாட்டு நடுவர் மன்றம் வரை போய் 2015இல் ஒரு தீர்ப்பைப் பெற்றுத்தான் அவர் மீண்டும் ஓடினார். சாந்திக்கு அப்படி ஒரு மன்றம் இருக்கிறது என்று சொல்லக்கூட 2006இல் பக்கத்தில் ஆளில்லை.

விதிகள் மாறாமலும் இல்லை. உலகத் தடகள அமைப்பு 2021இன் கடைசியில் உள்விளிம்பு விதியைத் தளர்த்தியது. தனித்தடம் இல்லாத ஓட்டங்களில் வளைவில் ஒரு தடவை விளிம்பின் மேலோ அதற்கு அப்பாலோ கால் பட்டால் இப்போது மன்னிக்கப்படும்; குறித்து வைத்துக்கொள்வார்கள், இரண்டாவது தடவை என்றால் வெளியே. ஜகார்த்தாவிலிருந்து மூன்று ஆண்டு தூரத்தில் வந்த இந்தச் சலுகை பின்னோக்கிச் செல்லாது. 2023இல் ஹாங்சோவில் கார்த்திக் குமார் வெள்ளியும் குல்வீர் சிங் வெண்கலமும் வென்றபோது, 10,000 மீட்டரில் இந்திய ஆண்களின் 25 ஆண்டு வறட்சி முடிந்தது என்று செய்திகள் எழுதின. தாளின்படி அது சரி. அதே குல்வீர் 2025 மார்ச்சில் அமெரிக்காவில் 27:00.22 ஓடினார். லட்சுமணன் காலத்துத் தேசியச் சாதனையான 28:02.89ஐ விட அது ஒரு நிமிடத்துக்கும் மேல் குறைவு. இவ்வளவு வேகம் எப்படி வந்தது என்று பார்த்தால், வெளிநாட்டுப் பந்தயங்களும் கூட ஓட வேகக்காரர்களும் இருக்கிறார்கள். லட்சுமணனுக்கு லண்டனில் ஒரே இரவு கிடைத்தது இவருக்கு வழக்கமாகவே கிடைக்கிறது.

முடிவுத் தாள் அச்சிடுகிறவர்களிடம் ஒன்று கேட்கலாம் என்று தோன்றுகிறது. நீதிமன்றத்தில் தள்ளுபடியான வழக்குக்கும் எண் உண்டு, தேதி உண்டு, காரணம் உண்டு. 25 சுற்று ஓடி முடித்த ஒருவரின் நேரத்தை ஏன் துடைத்தெறிய வேண்டும்? இடத்தை எடுங்கள், பதக்கத்தை எடுங்கள். 29:44.91 என்று அச்சிட்டு அதன் குறுக்கே ஒரு கோடு போட்டு, இடது கால் உள்ளே பட்டது என்று முழு வாக்கியமாக எழுதுங்கள். சானியின் 28:35.54க்கும் அதேபோல ஒரு கோடு, அதற்கான காரணத்தோடு. சாந்தியின் 2:03.16க்குக் கோடே வேண்டாம்.